ஆக்டேவியா விஆர்எஸ்ல காயில்ஓவர் போட்டப்புறம் கீச்சு சத்தம், ஒரு சைடு தாழ்வு. க்ளிக் மாத்துனா சரியாகுமா?

கோவை_டிஎஸ்ஐ

வணக்கங்க எல்லாருக்கும். வண்டி 2018 ஆக்டேவியா விஆர்எஸ் 230, ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேர் மாத்தம்) பண்ணிருக்கேன், டயர் 225/40 18. போன வாரம் கேடபிள்யூ வி2 காயில்ஓவர் (ஸ்பிரிங் சீட்டை த்ரெட்ல சுத்தி வண்டி உயரத்த மாத்துற சஸ்பென்ஷன் செட்) போட்டாச்சு, நம்ம ஊர்லயே ஒரு கராஜ்ல, பேரு வேண்டாம் விடுங்க. காலைல குடுத்தேன் மத்தியானமே எடுத்துக்கோங்கன்னு போன் வந்துருச்சு, அப்பவே கொஞ்சம் டவுட்டாத்தான் இருந்துச்சு. ஆனா நிக்கிற லுக்கு மட்டும் சூப்பரா இருக்குங்க, அத சொல்லியே ஆகணும்.

இப்ப பிரச்சனை என்னன்னா பின்னாடி ஏறி இறங்குறப்ப எல்லாம் பழைய கட்டில் மாதிரி கீச் கீச்னு சத்தம். தொடர்ச்சியா மூணு நாலு ரம்பிள் ஸ்ட்ரிப் வந்தா கடைசி ஸ்ட்ரிப்ல டொம்முனு ஒரு அடி, முதுகுல வாங்குது. ஸ்டியரிங் நேரா போறப்ப லேசா வலது பக்கம் திரும்பியே நிக்குது. வீட்டுல டேப் வச்சு வீல் சென்டர்ல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்தேன், முன் இடது 328 மிமீ, முன் வலது 336, பின் இடது 338, பின் வலது 343. கராஜ்ல கேட்டா "சார் ஸ்பிரிங் செட்டில் ஆகும், ரீபவுண்ட் ஃபுல் ஹார்டு வச்சிருக்கோம், வேணா ரெண்டு க்ளிக் குறைச்சுப் பாருங்க"ங்கறாங்க. ரீபவுண்ட்னா அமுங்குன ஸ்பிரிங் திரும்பி விரியுறப்ப டேம்பர் (ஷாக் அப்சார்பர்) பிடிக்கிற அளவு, க்ளிக்னா அத மாத்துற திருகோட ஒரு படி. க்ளிக்ல இதெல்லாம் சரியாகுமாங்க? இல்ல மறுபடியும் கழட்டணுமா? அலைன்மென்ட் இன்னும் பண்ணல, அவங்க அதப்பத்தி பேசவே இல்ல.

பழைய_ஸ்பேனர்

தம்பி, க்ளிக்கை இப்ப தொடாத. க்ளிக் டேம்பருக்கு, உனக்கு இருக்கிறது மாட்டுன விதத்துல இருக்கிற கோளாறு. மொதல்ல அளந்த விதத்துக்கு ஒரு சபாஷ், தரைல இருந்து அளந்தா காத்து அழுத்தம் டயர் தேய்மானம்னு எல்லாம் கலந்துரும், வீல் சென்டர்ல இருந்து அளக்குறதுதான் முறை.

பின்னாடி கீச்சுக்கு வருவோம். உன் வண்டி பின்னாடி மல்டிலிங்க், ஸ்பிரிங் தனி டேம்பர் தனி, ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கும். ஸ்பிரிங்கை எடுக்கணும்னா அந்த ஆர்மோட வெளிப்பக்க போல்டை கழட்டி ஆர்மை கீழ இறக்கணும். திருப்பி மாட்டுறப்ப லிஃப்ட்ல வண்டி தொங்கிட்டிருக்கு, வீல் கீழ தொங்குது, அப்படியே போல்டை முழுசா டைட் பண்ணிட்டாங்கன்னா முடிஞ்சுது. ஆர்ம் முனைல இருக்கிற புஷ் ரப்பர், உள்ள இருக்கிற இரும்பு ஸ்லீவோட ஒட்டியே இருக்கும், சுத்தாது, முறுக்கத்தான் செய்யும். தொங்குற நிலைல டைட் பண்ணிட்டு வண்டிய தரைல இறக்குனா ரப்பர் எப்பவும் முறுக்குண்டே இருக்கும். சத்தம் போடும், அந்த சைடை கொஞ்சம் தூக்கியும் பிடிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சும் போகும். உன் நம்பரைப் பாரு, பின் வலது தூக்கல், முன் இடது தாழ்வு, குறுக்கு மூலை. நாலு கால் மேசைல ஒரு காலுக்கு அட்டை வச்ச கதை. அதனால முன்னாடி ஸ்பேனரை போடுறதுக்கு முன்ன பின்னாடி ஆர்ம் போல்டு எல்லாத்தையும் லூஸ் பண்ணு, ஹப்புக்கு அடில ஜாக் குடுத்து வீல் சென்டர் டு ஃபெண்டர் நீ கடைசில வைக்கப்போற அளவுக்கு தூக்கு, அப்புறம் டைட் பண்ணு. டார்க் (முறுக்கு அளவு) போட்டு அதுக்கு மேல இத்தன டிகிரின்னு முறுக்குற போல்டு எல்லாம் ஒரு தடவைக்குத்தான், நீண்டுரும், புதுசு வாங்கி வச்சுக்க.

முன் வலதுல இன்னொரு சந்தேகமும் இருக்கு. இந்த வண்டில ஸ்ட்ரட் (முன் டேம்பர்) நக்கிள் (வீல் ஹப்பைத் தாங்குற இரும்பு) உள்ள சொருகி கிளாம்ப் போல்டு போடுற மாதிரி. நக்கிளை விரிக்க அதுக்குன்னு ஒரு டூல் இருக்கு, அது இல்லாம சுத்தியல்ல தட்டி சொருகுனா முழுசா உக்காராம கொஞ்சம் மேலயே நின்னுரும், அப்ப அந்த சைடு தூக்கித்தான் இருக்கும். ஸ்ட்ரட் பின்னாடி ஒரு சின்ன நாக்கு இருக்கும், அது நக்கிள் வெட்டுக்குள்ள போயிருக்கான்னு டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாரு. அதுக்கப்புறம்தான் உயரம் சமன் பண்ண த்ரெட்டை எண்ணணும்.

மெட்ராஸ்_பூஸ்ட்

அண்ணன் சொன்னது கரெக்ட், நான் அந்த டொம் அடிக்கு மட்டும் வரேன் ப்ரோ. ஃபுல் ஹார்டு ரீபவுண்ட் வச்சா என்ன ஆகும்னா ஸ்பிரிங் அமுங்குனது திரும்பி விரிய டைம் கிடைக்காது, அதுக்குள்ள அடுத்த ஸ்ட்ரிப் வந்துரும், மறுபடி அமுங்கும், இப்படியே வண்டி ஒவ்வொரு அடிக்கும் கீழ கீழ உக்காந்துட்டே போய் கடைசில பம்ப் ஸ்டாப்ல (அமுங்குறதுக்கு எல்லையா இருக்கிற ரப்பர்) போய் மோதும். கடைசி ஸ்ட்ரிப்லதான் அடிக்குதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க, அதான் அது. ஹார்டுனா ஸ்போர்ட்டினு ஒரு நெனப்பு நம்ம ஊர்ல, எவன் ஆரம்பிச்சானோ.

வி2-ல ரீபவுண்ட் மட்டும்தான் மாத்த முடியும், கம்ப்ரெஷன் (அமுங்குறப்ப பிடிக்கிற அளவு) ஃபேக்டரி செட்டிங். ரீபவுண்ட் திருகை கடிகார சுத்துல மெதுவா முழுசா மூடுங்க, நின்னதும் ஃபோர்ஸ் பண்ணாதீங்க, அங்க இருந்து திறந்துட்டே எண்ணுங்க. இடதும் வலதும் ஒரே எண்ணிக்கை. பேப்பர்ல குடுத்திருக்கிற சிபாரிசு செட்டிங்ல ஆரம்பிச்சு ஒரே ரோட்டுல ஒரே ஸ்பீடுல போய் ரெண்டு ரெண்டு க்ளிக்கா மாத்துங்க, ஒரு தடவைல முன்னாடி மட்டும், இல்ல பின்னாடி மட்டும். ரெண்டையும் சேத்து மாத்துனா எது என்ன பண்ணுச்சுன்னே தெரியாது.

இன்னொண்ணு, இவ்ளோ தாழ்வு எதுக்கு? ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) கணக்குப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி இருந்தா உங்க வண்டி வழுக்கிட்டு போகும். நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா போடுறது 10 செமீக்கு மேல உயரம், அரை மீட்டர் கூட அகலம் இருக்காது. சம்ப் கார்டு (இன்ஜின் அடில போடுற தகடு) போட்டிருக்கீங்களா?

அப்புறம் இது யாரும் பேச மாட்டாங்க, கம்பெனி ஸ்பெக்ல இருந்து மாத்துறது மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52-ல வருது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதே மாதிரிதான் சொல்லிருக்கு, 182ஏ-ல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா ஃபைன் இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்னு இருக்கு. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல சொல்லி வைங்க. பழைய ஸ்பிரிங் டேம்பரை கராஜ்லயே விட்டுட்டு வந்துராதீங்க.

டொரொண்டோ_ஆர்

நான் இங்க கோல்ஃப் ஆர் மார்க் 7 வச்சிருக்கிறன், உங்கட வண்டியிட அதே பிளாட்ஃபோர்ம்தான், கேடபிள்யூவும் போட்டிருக்கிறன். உயரம் பற்றி ஒரு விஷயம் சொல்லோணும். முன்னுக்கு மக்ஃபர்சன் ஸ்ட்ரட். கீழ் ஆர்ம் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு நிக்கோணும், அதுதான் அதின்ர சரியான இடம். நீங்கள் இறக்க இறக்க அது சமமா வந்து, பிறகு வெளிமுனை மேல போயிடும். அப்ப ரோல் சென்டர் எண்ட புள்ளி (வளைவில வண்டி அதைச் சுத்தித்தான் சரியும்) வண்டியிட எடை மையத்தை விட வேகமா கீழ இறங்கிடும், ரெண்டுக்கும் இடையில தூரம் கூடும், கூடினா வளைவில வண்டி இன்னும் கூடச் சரியும். வடிவுக்கு இறக்கினால் ஓட்டத்துக்குக் கெடுதல் எண்டது இதாலதான். வண்டி தரையில நிக்கேக்க கீழ குனிஞ்சு அந்த ஆர்மை ஒருக்கா பாருங்கோ, சமமா வந்திட்டுது எண்டால் ஸ்பிரிங் சீட்டை மேல ஏத்துங்கோ.

சீட்டைச் சுத்தேக்க ஸ்பிரிங்கில பாரம் இருக்கக் கூடாது, த்ரெட்டை முதலில பிரஷ்ஷால துடைச்சுப்போட்டுச் சுத்துங்கோ. மணல் இருக்கேக்க சுத்தினால் த்ரெட் அரைபட்டுப் போகும். இங்க பனிக்கு உப்புப் போடுறவங்கள், சாதாரண ஸ்டீல் காயில்ஓவர் எண்டால் ரெண்டு விண்டரில இறுகிப் போயிடும், கேடபிள்யூ ஸ்டெயின்லெஸ் எண்டபடியால் தப்பிச்சுது. உங்கட மழைச் சேறுக்கும் அதே கவனம் வேணும்.

கோவை_டிஎஸ்ஐ

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பத்தான் ஜாக் போட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஸ்பேனர் அண்ணா, வலது ஸ்ட்ரட்ல நாக்குக்கும் வெட்டுக்கும் நடுவுல நகம் போற அளவு கேப் இருக்குங்க, இடதுல சுத்தமா இல்ல. தரைல இறக்கிப் பாத்தா கீழ் ஆர்ம் இடது பக்கம் சமமாத்தான் நிக்குது, டொரொண்டோ அண்ணன் சொன்ன மாதிரி ஏத்தப்போறேன், ரெண்டு பக்கமும் 345 வச்சா போதுமாங்க? சம்ப் கார்டு இருக்கு. போல்டு செட் ஆர்டர் போட்டாச்சு. அதே கராஜுக்குப் போகல, ரேலி வண்டி பாக்குற ஒருத்தர் செட்டிபாளையம் பக்கம் இருக்காரு, அவருகிட்ட பேசிட்டேன். அலைன்மென்ட் அன்னைக்கே பண்ணிரலாமா?

பழைய_ஸ்பேனர்

345 நல்ல இடம். பின்னாடியும் அதுக்கு ஏத்த மாதிரி ஒரு அஞ்சு மிமீ கூட வை, நாலு பேர் ஏறுனா உக்காரும்ல. ஸ்ட்ரட் மேல் நட்டை இம்பாக்ட் கன்னுல அடிக்க விடாத, ராடு சேர்ந்து சுத்துனா சீல் போயிரும், ஆலன் கீ பிடிச்சு கைலதான் டைட் பண்ணணும்னு முன்கூட்டியே சொல்லிரு.

அலைன்மென்ட் அன்னைக்கே டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ள வெளிய திரும்பி நிக்கிற கோணம்) மட்டும் ஒரு தடவை பாத்துக்க, இல்லேன்னா முன் டயர் உள் விளிம்பு சீக்கிரமே தேஞ்சுரும். ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் உக்காந்ததும் மறுபடி அளந்து, அரை டாங்க் பெட்ரோலோட, டிரைவர் சீட்ல உன் எடைக்கு ஒரு ஆளையோ மணல் மூட்டையையோ வச்சு முழு அலைன்மென்ட் பண்ணு. முன் கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா வீல் சாஞ்சு நிக்கிற கோணம்) இந்த வண்டில அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது, சப்ஃப்ரேமை (ஆர்ம் எல்லாம் மாட்டியிருக்கிற கீழ் சட்டம்) லூஸ் பண்ணி நகர்த்துனா இடது வலது சமன் பண்ணலாம், அவ்வளவுதான். பின்னாடி கேம்பரும் டோவும் ரெண்டும் மாத்தலாம், வண்டி இறங்குனா பின் கேம்பர்தான் நிறைய உள்ள போகும், அத மறக்காம பாக்கச் சொல்லு. பின் ஆர்ம்ல ஹெட்லைட் லெவல் சென்சார் ராடு இருந்தா அத வளையாம மாட்டச் சொல்லி ஸ்கேனர்ல ஒரு தடவை பேசிக் செட்டிங் போட்டுரு, இல்லேன்னா ராத்திரி அவிநாசி ரோட்ல எதுக்க வர்றவன் எல்லாம் உனக்கு டிப்பர் அடிப்பான்.