தண்ணீருக்கடியில் கேமரா: வாங்கியவர்கள் என்ன பார்த்தீர்கள்?

மஹேபூர்த் தம்பி:
20 மீட்டர் கேபிள், கையடக்கத் திரை, வழக்கமான பெட்டிதான். இங்கே மொரிஷியஸில், பவளப்பாறைக்கு உள்பக்கம், மூன்று பாகம் (சுமார் ஐந்தரை மீட்டர்) ஆழம். கணவாய்த் துண்டு கோர்த்த முள் மணலில் கிடக்கிறது. ஒரு கப்பித்தேன் மீன், இரண்டு கிலோ இருக்கும், நேரே வந்தது. இரையை வாய்க்குள் இழுத்தது, துப்பியது. மறுபடி இழுத்தது, துப்பியது. என் விரலில் இருந்த தங்கூசியில், அதாவது நைலான் தூண்டில் இழையில், ஒரு அசைவும் இல்லை! அப்புறம் முள்ளுக்கு மேலே கட்டியிருந்த கம்பியருகில் சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ‘இன்று மீனே இல்லை’ என்று சொல்லிக் கரையேறிய நாட்கள் எத்தனை! மீன் இருந்திருக்கிறது. கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய தங்கூசி கட்டினேன், அன்று மாலையே மூன்று. என் காசு வீண் போகவில்லை.

டர்பன் தூண்டில்காரன்:
தம்பி, உங்கள் லகூன், அந்தப் பவளப்பாறைக்கு உள்பக்கக் கடல், கண்ணாடி. இங்கே டர்பனில் உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து இறக்கிப் பாருங்கள். மழைக்கு மறுவாரம் போனேன். திரை முழுக்கப் பால் ஊற்றிய தேநீர். விளக்கைப் போட்டால் இன்னும் மோசம், மிதக்கிற வண்டல் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பி அடித்து மாவு சலித்தது போல ஆகிவிடும். பக்கத்தில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் தூண்டில் கம்பு நுனியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான் திரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிரன்டர் மீனை ஏற்றிவிட்டார். 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட வேண்டும் என்பதால் அளந்து பார்த்துத்தான் பையில் போட்டார். அந்தக் கம்பு நுனியை நான் இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று. மூன்று மீன் கிடைத்தது மெல்லிய தங்கூசியாலா, சாயங்காலக் கடல் ஏற்றத்தாலா? இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? கலங்கல் தண்ணீருக்கு ஒலியால் தேடும் கருவிதான் சரி.

கிராண்ட் கோப் அக்கா:
அண்ணா சொல்வது கலங்கலுக்குச் சரி. நாங்கள் மீன் பிடிக்க வாங்கவில்லை. 2024 ஜனவரி பெலால் புயலில் எங்கள் காசியே கூடு (மீன் பிடிக்கக் கடலில் இறக்கும் கம்பி வலைப் பொறி) ஒன்றின் மிதவை அறுந்துபோனது. மே மாதம்தான் கேமராவை இறக்கித் தேடினோம். பாசி மூடிக் கிடந்தது கூடு. உள்ளே முள்ளெலும்புகள், ஒன்றல்ல, ஒரு குவியல். அவற்றின் நடுவே ஒரு கிளிமீன் உயிரோடு! கம்பி வலையில் மூக்கை இடித்து இடித்து அந்த இடமே வெளுத்திருந்தது. நான்கு மாதம் எங்கள் கூடு யாருக்கும் இல்லாமல் மீனைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது. படகிலேயே அழுதுவிட்டேன்.

போர்ட் லூயி மெக்கானிக்:
என் அனுபவம் சின்னது. கழுவாமல் வைத்தேன், ஆறே வாரத்தில் இணைப்பு முனை பச்சை பூத்துப் போய்விட்டது. இனி வாங்குகிறவர்கள் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, நிழலில் காயவையுங்கள். ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் புகும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. வயர்லெஸ் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். உப்புத் தண்ணீரில் ரேடியோ அலை ஒரு சாண்கூடத் தாண்டாது. படத்தை அப்போதே பார்க்க வேண்டுமானால் கேபிளோ, கேபிளோடு கூடிய மிதவையோ வேண்டும். சிவப்பு நிறம் சில மீட்டரிலேயே மறைந்துவிடும், அதனால் சிவப்பு மீனும் சாம்பலாகத் தெரியும். வெயிலில் திரை தெரியாது, கறுப்புத் துணியால் ஒரு மறைப்பு தைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தட்டைக் கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மஹேபூர்த் தம்பியின் மீன் நீளத்தில் முக்கால்தான் என்றால் எடை பாதிகூட வராது. கடைசியாக, மொரிஷியஸில் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை ஊரித், அதாவது ஆக்டோபஸ், பிடிக்கத் தடை. பொந்துக்குள் இருப்பது திரையில் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள்.

மஹேபூர்த் தம்பி:
டர்பன் அண்ணா கேட்டது நியாயம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தூண்டிலையும் பக்கம் பக்கமாகப் போட்டேன். கம்பிக்கு ஒன்று, மெல்லிய தங்கூசிக்கு நான்கு. பெரியது ஒரு கிலோகூட இல்லை. மெக்கானிக் அண்ணா கணக்கு சரிதான். அக்கா, அந்தக் கூட்டை எடுத்தீர்களா?

கிராண்ட் கோப் அக்கா:
எடுத்தோம் தம்பி. பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். நான் திரையைப் பார்த்து ‘இடது, இன்னும் இடது’ என்று சொல்ல, வீட்டுக்காரர் இழுத்தார். மூன்றாவது தடவை மாட்டியது. கூடு மேலே வரும்போதும் மீன் உயிரோடுதான் இருந்தது. கதவு துருப்பிடித்து இறுகியிருந்ததால் கம்பியை வெட்டித்தான் திறந்தோம். உடனே போய்விடவில்லை அது. கொஞ்ச நேரம் படகின் நிழலிலேயே நின்றது, அப்புறம்தான் கீழே இறங்கியது.