ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது: ரேமா, பவர் சப்ளையா?

செந்தூல் (கேள்வி):
வணக்கம். மேசைக் கணினி: ரைசன் 5 3600, பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-3200 ரேம் இரண்டு, பழைய 550 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 10. ஸ்லீப்பில் இருக்கும்போது கீபோர்டைத் தட்டினால் ஃபேன் ஒரு வினாடி சுற்றி நிற்கிறது. மறுபடி சுற்றி, லோகோ வந்து, புதிதாக பூட் ஆகிறது. திறந்து வைத்ததெல்லாம் போய்விடுகிறது. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் பிழைப் பதிவேடு) கெர்னல்-பவர் 41, அதாவது ஒழுங்காக அணையாமல் ரீஸ்டார்ட் ஆனது; பக்செக்கோட் 0. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் பிழை இல்லை. போர்டு பேட்டரியை மாற்றலாமா?

பிரிக்பீல்ட்ஸ்:
பேட்டரி வேண்டாம் தம்பி. அது தளர்ந்தால் கடிகாரமும் பயோஸ் அமைப்பும்தான் மறந்துபோகும். பக்செக்கோட் 0 என்றால் ப்ளூ ஸ்கிரீன் பதிவாகவே இல்லை. பெரும்பாலும் கரண்ட் அறுந்த கதை.

முதலில் ஹைபர்நேட் செய்து எழுப்பிப் பாருங்க. அதில் எல்லாம் டிஸ்கில் எழுதப்படுவதால் ரேமுக்குக் கரண்ட் தேவையில்லை. ஸ்லீப்பில் ரேமைத் தாங்குவது பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன். எழுப்பும் நொடியில் மெயின் லைன்கள் கிளம்பி, ரேம் அவற்றுக்கு மாறும். அந்த இடைவெளியில் ஸ்டாண்ட்பை தொய்ந்தால் ரேமில் இருந்தது அழிந்துவிடும், போர்டு முதலிலிருந்து தொடங்கும்.

காரணம் தெரியும்வரை பவர் ஆப்ஷன்ஸில் ஹைப்ரிட் ஸ்லீப்பை ஆன் செய்யுங்க. ரேம் அழிந்தாலும் டிஸ்கில் ஒரு நகல் இருக்கும்.

பட்டர்வொர்த்:
மெம்டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும் ரேமைத்தான் சோதிக்கும். ஸ்லீப்பிலிருந்து எழுவதைச் சோதிக்காது. அதனால் ரேமை இன்னும் விடுவிக்க முடியாது. பயோஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) அணைத்துப் பாருங்க. சிபியு வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தால் அதையும் பழையபடி ஆக்குங்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும்.

அதிலும் தீராவிட்டால் மல்டிமீட்டர்தான். கணினி ஸ்லீப்பில் இருக்க, 24 பின் கனெக்டரின் ஊதா வயரில் (9ஆம் பின்) சிவப்பு முனை, ஏதாவது கறுப்பு வயரில் கறுப்பு முனை. 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்கணும். யுஎஸ்பியில் மாட்டிய டிஸ்க், சார்ஜ் ஏறும் போன் எல்லாம் இதே லைனை உறிஞ்சும்; கழற்றிவிட்டு மறுபடி அளங்க.

செந்தூல்:
ஹைபர்நேட் ஒழுங்காக எழுகிறது. எக்ஸ்எம்பி அணைத்தும் ஸ்லீப் அதே கதை. யுஎஸ்பி டிஸ்கோடு 4.58, கழற்றினால் 4.69.

பிரிக்பீல்ட்ஸ்:
அப்போ பவர் சப்ளைதான். சுவர் சுவிட்ச் ஆன் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் ஸ்டாண்ட்பை பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். நம்ம ஊர்ச் சூட்டில் அதன் கெப்பாசிட்டர் சீக்கிரம் களைத்துவிடும். பிரித்துப் பார்க்காதீங்க, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் வாங்கினால் பெட்டியில் உள்ள வாட்டோடு நிற்காமல், ஸ்டிக்கரில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பைக்கு எத்தனை ஆம்ப் என்று பாருங்க. 3 இருந்தால் நல்லது.

பட்டர்வொர்த்:
புதியது மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால் பழைய கேபிளை மாட்டவே வேண்டாம். பவர் சப்ளை பக்கத்து பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். சாக்கெட்டில் பொருந்தினாலும் எஸ்எஸ்டி எரிந்துவிடலாம்.