நாய் கவ்விய சேவலுக்கு முதுகுத் தோல் கிழிந்துள்ளது: கால்நடை மருந்தகம் திறக்கும்வரை என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் வளர்த்து வருகிறேன். நேற்று மாலை கோழிகள் அடையும் நேரத்தில் தெருநாய் ஒன்று வேலியில் நுழைந்து, குறுக்கே பாய்ந்த பெருவிடைச் சேவலை முதுகில் கவ்விவிட்டது. நான் விரட்டியதும் போட்டுவிட்டு ஓடியது. வலது இறக்கைக்குப் பின்னால் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. இரத்தம் நின்றபின், மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்பி, சேவலின் மேல் பஞ்சாரத்தை (கோழியை மூடும் கூடையை) கவிழ்த்து வைத்தேன். இன்று காலை கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. கம்பு போட்டும் கொத்தவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மருந்தகத்துக்கு நாளைதான் போக முடியும். அதுவரை நான் செய்ய வேண்டியது என்ன?

பதில் 1:
சகோதரி, எங்கள் வீட்டில் கீரி கடித்த கோழி ஒன்றைப் பிழைக்க வைத்திருக்கிறோம். கவலை வேண்டாம். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் கற்பூரத் தைலத்தைப் புண்ணில் இரண்டு சொட்டு விட்டால் புழு வைக்காது. காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கைக் கரைத்து வாயில் ஊற்றுங்கள்.

பதில் 2:
கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மேலே உள்ள இரண்டையும் மறுக்கிறேன். தைலம் மாட்டின் தடித்த தோலுக்கே எரிச்சல் தருவது. கோழியின் தோலோ மிக மெல்லியது. மனிதர்களுக்கான மாத்திரையை அளவு தெரியாமல் பறவைக்குக் கொடுக்கக் கூடாது. தளர்ந்து நிற்கும் கோழியின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். நீங்கள் சொல்லும் சிலிர்ப்பும் கண் மூடலும் அதிர்ச்சியின் அறிகுறிகள். முதலில் அதை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் என்பதால், அடிபட்ட கோழிக்கு இரவில் குளிர் ஆகாது. பஞ்சாரத்தின் ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடலாம். நம் ஊர்ப் பகல் வெயிலில் அது தேவையில்லை, வாய் திறந்து இரைத்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இனிப் புண்ணுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் கிழிசலைவிட, நாயின் பல் உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. கோழியின் உடலுக்குள் நுரையீரலோடு இணைந்த காற்றுப் பைகள் முதுகு வரை பரவியிருக்கின்றன. புண்ணைச் சுற்றித் தோலை மெல்ல அழுத்திப் பாருங்கள். உப்பி, நொறுநொறுவென்று கையில் படுகிறதா?

கேட்டவர்:
ஆம் ஐயா, இறக்கையின் அடியில் பலூன் போலச் சற்று உப்பியிருக்கிறது. ஆனால் மூச்சு விடும்போது புண்ணிலிருந்து காற்றோ குமிழியோ வரவில்லை.

பதில் 2:
அப்படியானால் காற்று தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. சிறிய உப்பல் சில நாளில் தானாக வற்றும். பெருகினால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும், ஊசியால் நீங்களே குத்த வேண்டாம். புண்ணுக்குள் நீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதில் நனைத்த துணியால் அப்பிய மஞ்சளையெல்லாம் ஒற்றி எடுங்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கெட்டவை அல்ல. ஆனால் ஆழமான புண்ணின் வாயை அவற்றால் அடைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். ஓரத்து இறகுகளைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். பிறகு போவிடோன் அயோடினை வெளுத்த தேநீரின் நிறத்துக்கு நீர்த்துத் தடவுங்கள். ஈ மொய்க்காதபடி கொசுவலையால் மூடி வையுங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். சிறிது வெல்லம் கரைத்த நீரைக் கிண்ணத்தில் வைத்து, அலகின் ஓரத்தை மட்டும் நனைத்துக் காட்டுங்கள், தானே குடிக்கும். நொய்க் கஞ்சியும் அவித்த மஞ்சள் கருவும் பிறகு போதும்.

1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்டுப் பாருங்கள். நாளை எப்படியும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனெனில் நாய்க்கடிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். அந்த மருந்து கொடுத்த சேவலை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். இன்னொன்று: நாயின் எச்சில் இறகில் இருந்திருக்கும். உங்கள் கையில் கீறல் இருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி இன்றே அரசு மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள்.

கேட்டவர் (ஆறு நாள் கழித்து):
கையில் கீறல் இருந்ததால் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டேன். மருத்துவர் நான்கு தையல் போட்டு, ஐந்து நாள் ஊசி போட்டார். உப்பல் மூன்றாம் நாளே வற்றியது. நேற்று முதல் கம்பும் கொத்துகிறது. இப்போது கோழிகளோடு விடலாமா?

பதில் 2:
தோல் முழுவதும் மூடி, செம்மை தெரியாத வரை விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தியே புண்ணைப் பெரிதாக்கிவிடும். பஞ்சாரத்தைக் கொல்லையிலேயே வையுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால், திறந்துவிடும் நாளில் சண்டை குறையும். நாய் பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் புது இறகு முளைக்கும். நீங்கள் கத்தரித்த இடம் மட்டும் அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும்.