வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்கள் எடுத்த வழிகள்

புதுக்குடியிருப்பிலிருந்து, உயிரியல் பிரிவில் படித்த ஒருவர்

உயர்தரப் பரீட்சை எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கக் குறைந்தது இருக்க வேண்டிய புள்ளி, வரும் ஒவ்வொரு தடவையும் தெரிந்த பிள்ளைகள் யாராவது எனக்கு அழைப்பார்கள். சிலர் கதைக்கத் தொடங்கும் முன்பே அழுதுவிடுவார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். வன்னியில் இருந்துகொண்டு வேறு வழியால் பட்டம் எடுத்தவர்கள், எடுத்துக்கொண்டிருப்பவர்கள், பெற்றோர் எல்லோரும் கீழே எழுதுங்கள். கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகள் நல்ல மனதோடு சொல்லப்படுபவைதான். ஆனால் எங்கள் பஸ் நேரத்துக்கும் வீட்டு வருமானத்துக்கும் அவை பல நேரம் பொருந்துவதில்லை.

எனக்குப் பெறுபேறு வந்த அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். மூன்று பாடமும் நல்ல சித்தி. அம்மம்மா அயல் முழுக்கச் சொல்லிவிட்டார். வெட்டுப்புள்ளி வந்தது பல மாதம் கழித்து. இந்த இடைவெளி பொல்லாதது. "என்ன பிள்ளை, எந்தக் கம்பஸ்?" என்று காண்பவர் எல்லோரும் கேட்பார்கள், நமக்கும் பதில் தெரியாது. கடைசியில் என் இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே என்று தெரிந்தது. "பாஸ் எண்டு சொன்னியே, பிறகேன் எடுக்கேல்லை?" என்று அம்மம்மா கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. மூன்று பாடமும் சித்தியடைந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். இடம் கிடைப்பது இசட் புள்ளியால். நம் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுத்தால் வருவது அது. ஒரு பாடத்தை எழுதியவர்களின் சராசரி 50, நியம விலகல் 15 என்று வையுங்கள். 65 எடுத்தவருக்கு அந்தப் பாடத்தில் இசட் 1 வரும். வினாத்தாள் இலகுவாக வந்து சராசரி 60 ஆகிவிட்டால் அதே 65க்கு 0.33 தான். அப்படி மூன்று பாடத்துக்கும் வருவதன் சராசரிதான் நம் புள்ளி. பிறகு பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் முழு நாட்டுக்குமான திறமை வரிசைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் 16க்குள் வருகின்றன. மாவட்டப் பங்கு சனத்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுவதால், முல்லைத்தீவு போன்ற சிறிய மாவட்டத்துக்கு ஒரு கற்கைநெறியில் விழும் இடங்கள் மிகக் குறைவு. நமக்கு மேலே இரண்டு மூன்று பேர் கூடினாலே கோடு மாறிவிடும். இதை விளங்கிக்கொண்டபோது எனக்குக் கவலை போகவில்லை. ஆனால் "நான் மக்கு" என்ற நினைப்பு போனது. அது போனதே பெரிய காரியம்.

அந்த வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்குக்கூட நான் போகவில்லை. பரீட்சை திரும்ப எடுப்பதென்று ரியூசனுக்குப் போய்வந்தேன், புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்காது. என் இரசாயனவியல் ரீச்சர்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு கதைத்தார். "அவள் திரும்ப எடுக்கட்டும், வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அதை மட்டும் நம்பி ஒரு வருடத்தை வெறுமையா விடாதேங்கோ. இவள் அழுதுகொண்டிருக்கிற மாதங்களிலதான் மற்ற இடங்களின்ர விண்ணப்பத் திகதியும் முடியுது" என்றார். நான் இங்கே எழுத வந்ததும் இதைத்தான்.

ரீச்சர் காட்டிய இடம் அறிவியல்நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம். 2016இல் திறந்தது. அங்கே உணவுத் தொழில்நுட்பம் இருந்தது. நான் படித்த உயிரியலும் இரசாயனவியலும் வீணாகாத பாடம். எங்கள் வீட்டிலிருந்து விசுவமடு, தருமபுரம், பரந்தன் என்று வந்து, ஏ9 வீதியில் கிளிநொச்சி தாண்டி இறங்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அதே அறிவியல்நகரில்தான் இருக்கின்றன. என்னோடு படித்த ஒருத்தி விவசாய பீடத்துக்கு வந்தாள். ஒரே இடத்தில் இறங்கி இரண்டு பக்கமாக நடப்போம். முதல் மாதங்களில் அது எனக்கு மிகவும் வலித்தது. அவள் நல்லவள், எனக்காகவே பஸ்ஸில் கம்பஸ் கதை எடுக்கமாட்டாள். பிறகு நாங்கள் இருவரும் மண் பரிசோதனையும் பழச்சாற்றின் அமிலத்தன்மையும் கதைத்துக்கொண்டு போகத் தொடங்கினோம்.

அந்த நிறுவனத்தில் கிடைப்பது தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. அது ஏழு மட்டங்கள் கொண்டது. 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். பலர் இதை மேசன் வேலைக்கும் தையலுக்கும் கொடுக்கும் சான்றிதழ் என்று மட்டுமே நினைக்கிறார்கள். 5ஆம் மட்டம் முடித்தவர்கள் இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். யுனிவோடெக் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச பல்கலைக்கழகம். நான் உணவுப் பதனிடல் தொழில்நுட்பத்தில் அங்கேதான் பட்டம் எடுத்தேன். ஆங்கில மொழி மூலம். முதல் வருடம் விரிவுரையைத் தொலைபேசியில் பதிவு செய்து, போர்டிங்குக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். வவுனியா தாண்டியே அதிகம் போகாத பிள்ளைக்கு இரத்மலானை தூரம்தான். ஆனால் ஆய்வுகூடத்தில் கை பழகியிருந்தது எனக்கு உதவியது. உயர்தரம் முடித்து நேரே வந்திருந்தால் அந்தப் பழக்கம் இருந்திருக்காது. இப்போது ஓர் உணவு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன்.

மல்லாவியிலிருந்து, ஆசிரியர்

அக்கா எழுதியதை வாசித்தேன். நான் கலைப்பிரிவு. கலைக்குப் பெரும்பாலும் மாவட்டப் பங்கு இல்லை, முழு நாட்டுத் திறமை வரிசைதான். மீள்குடியேறி வந்த கையோடு, தகரக் கொட்டிலிலும் மரத்தடியிலும் படித்த பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்றோம். அது நியாயம் என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது வவுனியா, பூந்தோட்டத்தில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரி. அதற்கு விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். எங்கள் ஊரில் அப்போது வர்த்தமானி பார்ப்பவர் ஒருவர்தான், நூலகத்தில் வேலை செய்த அண்ணா. அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் ஆசிரியர் நியமனமும்.

டிப்ளோமா பட்டம் ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரி, ஆகாதுதான். நியமனம் கிடைத்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் கல்விமாணிப் பட்டத்துக்குப் பதிந்தேன். வெள்ளி மாலை பாடசாலையால் வந்து அடுத்த நாள் விடியப் பஸ் எடுத்தால்தான் வகுப்புக்கு நேரத்துக்குப் போகலாம். ஒப்படைகளை மழைக்காலத்தில், மின்சாரம் இல்லாத இரவுகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று படித்த உளவியலைத் திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளையிடம் நேரே பார்க்க முடிந்தது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று நான் ஒருநாளும் நினைக்காமல் இருப்பதற்கு அந்தப் படிப்புத்தான் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் போராடினார்கள். அதில் என்னோடு உயர்தரம் படித்து, கம்பஸ் கிடைத்துப் போன நண்பனும் இருந்தான். நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலை விட்டதும் அவனைப் போய்ப் பார்த்து, கூட உட்கார்ந்துவிட்டு வருவேன். அவன் கெட்டிக்காரன், என்னைவிட நன்றாகப் படித்தவன். கம்பஸ் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முழங்காவிலிலிருந்து, ஒரு தகப்பன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மகன் தட்டச்சு செய்து தருகிறான். மூத்த மகளுக்கு வணிகப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. அவள் அறையை விட்டு வெளியே வராமல் இருந்த நாட்களில் நானும் தாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்கவே பயந்தோம். அந்த நேரம் பார்த்து ஒருவர் வீடு தேடி வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம், கொழும்பில் இருந்தே படிக்கலாம், இந்த வாரம் முற்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு என்றார். பளபளப்பான புத்தகமும் கொண்டுவந்திருந்தார். காணியை ஈடு வைக்கலாமா என்றுகூட நான் யோசித்தேன்.

என் மருமகன் தடுத்தான். "மாமா, காசு கட்ட முதல் இரண்டு விசயம் கேளுங்கோ. இலங்கை நிறுவனம் எண்டால், 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவில பட்டம் வழங்க அனுமதி இருக்கா? வெளிநாட்டுப் பட்டம் எண்டால், அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா?" என்றான். வந்தவரிடம் கேட்டோம். நாளை கடிதம் கொண்டுவருவதாகச் சொன்னார், அதன் பிறகு ஆளைக் காணவில்லை. நாங்கள் ஆணைக்குழுவுக்கு நேரே தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பெற்றோர் யாராவது வாசித்தால், தயவுசெய்து காசு கட்ட முதல் ஒரு அழைப்பு எடுங்கள். பிள்ளை அழும்போது நாம் எதையும் நம்பத் தயாராக இருப்போம், அது அவர்களுக்குத் தெரியும்.

அனுமதி உள்ள தனியார் நிறுவனங்களில் படிக்க, அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றை அரசாங்கம் 2017இல் தொடங்கியது. என் மகள் அதற்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். இப்போது சிரிக்கிறாள். எனக்கு அது போதும்.

நெடுங்கேணியிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம், பி.ஐ.ரி. என்பார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. முதல் மட்டத்தை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் மட்டத்தில் உயர் டிப்ளோமா, மூன்றாம் மட்டத்தில் பட்டம். இடையில் நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் ஒன்று இருக்கும். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம். நான் பகலில் கடையில் நின்றபடி படிக்கிறேன். கடினம் ஆங்கிலமும் தனிமையும். பக்கத்தில் இருந்து படிக்க யாரும் இல்லை. வவுனியாவில் இருவர் கிடைத்த பிறகுதான் என் படிப்பு ஓடத் தொடங்கியது. தனியே தொடங்காதீர்கள், ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து, மாணவி

அக்கா, எனக்கு இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். அம்மா எடு என்கிறார், அண்ணா போதும் என்கிறான். நான் கணிதப் பிரிவு. இணைந்த கணிதம் மட்டும்தான் புள்ளியைக் கீழே இழுக்கிறது. என்ன செய்யட்டும்?

புதுக்குடியிருப்பிலிருந்து

தங்கச்சி, பல்கலைக்கழகத் தெரிவுக்கு மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று பாடமும் ஒரே மாதிரி இழுத்தால் நானும் அண்ணா பக்கம்தான் நிற்பேன். ஒரே பாடம் இழுக்கும்போது அதைத் தூக்க முடியும், எடுங்கள். ஆனால் பழைய வினாத்தாள்களை மூன்று மாதம் நேரம் வைத்துச் செய்துபாருங்கள். புள்ளி அசையவில்லை என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும். மற்ற இரண்டு பாடத்தையும் விட்டுவிடாதீர்கள், அவையும் அந்தத் தடவையில் புதிதாகத்தான் எண்ணப்படும்.

அதோடு இந்த மாதமே இன்னொரு இடத்துக்கும் விண்ணப்பம் போடுங்கள். கணிதப் பிரிவுக்கு நான் படித்த அறிவியல்நகர்ப் பயிற்சி நிறுவனத்தில் மின், இயந்திர, கட்டடத் துறைகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் வந்ததும், வேறு இடத்தில் பதிந்திருப்பவர்களுக்கான விதிகளை முதலில் வாசியுங்கள். கற்கைநெறிகளை நிரப்பும்போது ஆசைப்பட்ட நான்கைந்தோடு நிறுத்தாமல், போய்ப் படிக்கச் சம்மதமான எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுங்கள். வெற்றிடம் நிரப்பும் சுற்றில் இடம் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அறிவியல்நகருக்கு வார நாளில் போங்கள், அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு தடவைப் பெறுபேறுகளும் கொண்டுபோங்கள், மூலமும் பிரதியும். முள்ளியவளைப் பக்கம் சுற்றாமல் மாங்குளம் வந்து ஏ9இல் யாழ்ப்பாணப் பஸ் ஏறினால் நேரே இறங்கலாம். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் பார்க்கட்டும்.