ஆபா எண் எடுத்தால் ரிப்போர்ட் எல்லாம் டெல்லி சர்வருக்குப் போகிறதா?

நெல்லை_நிரல்:
"ஆபா எண் எடுத்த மறுநிமிடமே உங்கள் ரிப்போர்ட் எல்லாம் டெல்லி சர்வருக்குப் போய்விடும், சின்ன கிளினிக்குகள் இழுத்து மூட வேண்டியதுதான்" என்று இங்கே ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. ஆபா என்பது மத்திய அரசு திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக மருத்துவமனை மென்பொருள் எழுதுகிறேன். டெல்லி சர்வர் என்று ஒன்று இல்லை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில்தான் எக்ஸ்ரே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க மட்டுமே அந்த 14 இலக்க எண். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் நோயாளியின் போனுக்குக் கேள்வி வரும்: எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாளைக்கு. அவர் சம்மதித்தால்தான் நகரும். பிறகு ரத்தும் செய்யலாம்.

திருப்பூர்_கிளினிக்:
எழுதியது நான்தான். 22 வருடமாக ஒற்றை ஆள் கிளினிக் நடத்துகிறேன். பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், முகவரி எல்லாம் எங்கே பதிவாகிறது தம்பி? திருப்பூரிலா, டெல்லியிலா?

நெல்லை_நிரல்:
அது அடையாள விவரம். ரிப்போர்ட் இல்லை. நீங்கள் எழுதியது ரிப்போர்ட் என்று. டெல்லி சர்வரில் ரிப்போர்ட் இல்லை.

ராணி_கரூர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். போன மாதம் அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஆதார் கேட்டாள், "ஓடிபி வரும், சொல்லுங்கம்மா" என்றாள். அம்மா சேலைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆபா எண் உருவாகிவிட்டது என்று குறுஞ்செய்தி. இது விருப்பப்பட்டால் மட்டும் எடுக்க வேண்டியது. அம்மாவிடம் யார் கேட்டார்கள்?

நெல்லை_நிரல்:
அக்கா, அது அந்த ஸ்கேன் சென்டரின் தவறு. விதியின் தவறு இல்லை. டாக்டர் சொன்ன டெல்லி சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திருப்பூர்_கிளினிக்:
உங்களுக்கு எதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாறினேன். ஒன்பது வருடப் பதிவுகளைக் கேட்டதற்கு ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய பிடிஎஃப் கோப்புகள் வந்தன. கோப்பின் பெயர் வெறும் எண். உள்ளே தேட முடியாது. ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று நானே பதிந்திருந்தேன். புதிய மென்பொருளில் ஒவ்வாமை எழுதும் இடம் காலி. பழைய காகித அட்டையில் சிவப்பு மையில் "பென்சிலின் கூடாது" என்று என் கையெழுத்தில் இருந்ததால் தப்பித்தார். ஏ.பி.டி.எம். (ஆபா எண் கொடுக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம்) இணைப்பு இருக்கிறது என்று சொல்லித்தான் அந்தப் பழைய மென்பொருளை என் தலையில் கட்டினார்கள்.

நெல்லை_நிரல்:
எந்தக் கட்டம் முடித்த மென்பொருள் என்று கேட்டீர்களா? மூன்று கட்டம் இருக்கிறது. முதல் கட்டம் ஆபா எண் உருவாக்குவது மட்டும். பதிவைப் பகிர்வது இரண்டாவது, மற்றவர் பதிவைப் பார்ப்பது மூன்றாவது. முதல் கட்டத்தோடு நின்றதை வாங்கிவிட்டு விதியைத் திட்டினால் எப்படி? பகிர்வதற்கு ஃபயர் (FHIR) என்ற பொது வடிவமே இருக்கிறது, எந்த மென்பொருளும் படிக்கிற மாதிரி. பிடிஎஃப் கொடுத்தது நிறுவனம், டெல்லி சர்வர் இல்லை.

திருப்பூர்_கிளினிக்:
காலையில் எழுபது பேரைப் பார்க்கிற டாக்டர் இதையும் படித்துவிட்டு வர வேண்டுமா? 2023 ஜனவரியில், ஆபாவோடு இணைக்கிற பதிவுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். மென்பொருள் நிறுவனத்துக்கும் அதில் பங்கு. என்னைப் போன்றவனுக்கு மிஞ்சியது தட்டச்சு வேலை.

மதுரை_ரெக்கார்டு:
30 வருடம் ஆஸ்பத்திரி ஆவண அறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆபாவுக்கு முன்பே விதி உண்டு. 2002 மருத்துவ நெறிமுறையின்படி உள்நோயாளி ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். டாக்டர் தன் நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்தாரா என்று முதலில் சொல்லட்டும்.

திருப்பூர்_கிளினிக்:
உள்நோயாளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் படுக்கையே இல்லை.

மதுரை_ரெக்கார்டு:
அந்தச் சொல் 3 வருட விதியில்தான் இருக்கிறது. 72 மணி நேர விதியில் இல்லை. எடுத்துப் படியுங்கள். போன வருடம் பிரஷர் மெஷின் விவாதத்திலும் நீங்கள் பாதியைத்தான் படித்துவிட்டு வந்தீர்கள்.

திருப்பூர்_கிளினிக்:
பிரஷர் மெஷினில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

ராணி_கரூர்:
அம்மாவின் எண்ணை அழிக்க வழி இருக்கிறதா? அதை யாராவது சொல்லுங்கள்.

நெல்லை_நிரல்:
இருக்கிறது அக்கா, செயலியிலேயே நீக்கலாம், பிறகு எழுதுகிறேன். டாக்டர், 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே சர்வரில் குவிப்பதாக இருந்தால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் ஏன் பொறுப்பாக்குகிறார்கள்? யோசியுங்கள். புதுச்சேரியில் 2020 ஆகஸ்டிலேயே இந்தத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கினார்கள், அங்கே கிளினிக்குகள் மூடிவிட்டனவா?

திருப்பூர்_கிளினிக்:
250 கோடி என்று நீங்களே சொல்கிறீர்கள். கசிந்தால் யார் கட்டுவது? நிறுவனத்தின் கிளவுடில் இருந்து போனாலும் நோயாளி என் வாசலில்தான் வந்து நிற்பார். மூட வேண்டியதுதான் என்று சொன்னது இதனால்தான்.

நெல்லை_நிரல்:
அப்போது டெல்லி சர்வர் இல்லை, கிளவுட் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

திருப்பூர்_கிளினிக்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

நெல்லை_நிரல்:
டெல்லி சர்வர் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் பிடிஎஃப் பற்றிப் பேசலாம்.

திருப்பூர்_கிளினிக்:
என் ஒன்பது வருடப் பதிவுகளைத் தேடிப் படிக்கிற மாதிரி முதலில் உங்கள் ஆட்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுதுகிறேன்.