மறு: கல் ‘ஜாலி’க்குத் தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் கட்டட வரைவாளர் பிரிவுக்கு நான் எழுதும் பாடக்குறிப்பில் ஒரே ஒரு படத்துக்குப் பெயர் பாக்கி. ஜெய்சால்மர் ஹவேலி (மாளிகை வீடு), மஞ்சள் மணற்கல்லைத் துளைத்துத் துளைத்துப் பூவேலை செய்த மறைப்பு. இந்தியில் அதற்கு ‘ஜாலி’ என்று பெயர். அப்படியே கரும்பலகையில் எழுதினால் வகுப்பே சிரிக்கிறது.

> ‘பலகணி’ இருக்கப் புதுச்சொல் எதற்கு?

பல கண் உடையது பலகணி. பொருள் கச்சிதம்தான் ஐயா. ஆனால் இன்றைய பிள்ளைகள் அதைப் பால்கனி என்றே எண்ணுகிறார்கள்.

> சிலம்பில் ‘மான்கண் காலதர்’ வருகிறதே!

கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அதைப் படித்த கையோடு மதுரைக்காஞ்சிக்குப் போய்விட்டேன்: ‘சில்காற்று இசைக்கும் பல்புழை நல்லில்’. கல்லைத் துளைப்பவன் வீட்டுக்குள் காற்றைப் பாட வைக்கிறான் என்பதை இதைவிட யார் சொல்வது? புழை என்றால் துளை, அதனால் ‘கற்புழை’ என்று எழுதியும் பார்த்தேன். ஆனால் விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, மலையாள வழக்கில், புழை என்றால் ஆறு. மனமில்லாமல் விட்டேன்.

> கிராதி?

போர்ச்சுகீசியம். சன்னலும் அப்படித்தான், அதனால் நான் விலக்கவில்லை. கிராதி என்றதும் நேர்க்கம்பிதான் கண்ணில் வருகிறது, பூவேலை வருவதில்லை.

என் சொல் கல்லழி. இங்கே பழைய வீடுகளில் திண்ணையை மரச்சட்டம் அடித்து மறைத்திருப்பார்களே, அதுதான் அழி. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. போன வாரம் மயிலாடியில் ஒரு கல்தச்சரிடம் படத்தைக் காட்டினேன். துளைகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய கல்நரம்பை விரலால் தடவி, “கல்லுலயே அழி போட்டிருக்கானே! நம்ம கருங்கல்லுல இவ்வளவு மெலிசாக் கொத்தினா, கடைசித் துளையில பொட்டுன்னு போயிரும்” என்றார். சொல் தேடி நான் போகவில்லை, அவர் வாயிலேயே இருந்தது.

> ‘அழி’ என்றால் நாசம் அல்லவா?

படியில் ஏறுகிறவர் யாரும் புத்தகம் படிப்பதை நினைப்பதில்லை, அக்கா.

> ‘கல்’ எதற்கு? அழி என்றே விடலாமே.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லிலேயே இப்படி எத்தனையோ சுவர் எழுப்பினார். பத்மநாபபுரம் கொட்டாரத்தில் (அரண்மனையில்) மரம். பொருளைச் சேர்த்துச் சொன்னால்தான் வரைபடத்தில் குழப்பம் வராது: கல்லழி, செங்கல்லழி, மரஅழி.

இதுவரை கல்லழிக்கு நான்கு பேர், காலதருக்கு இரண்டு பேர், ஜாலியே போதும் என்று ஒருவர். படத்தின் கீழே கல்லழி என்று போட்டு, அடைப்புக்குள் ஜாலியையும் சேர்க்கிறேன். கொத்தனாரிடம் வேலை சொல்லும்போது மாணவனுக்கு அதுவும் வேண்டும். காலதர், காற்றோட்டம் பற்றிய பகுதியில் வரும். பலகணி சொன்ன மூத்தவர் இன்னும் ஒப்பவில்லை என்று தெரியும். ஐயா, ஞாயிறு இரவு வரை கோப்பு என்னிடம்தான் இருக்கும்.