பின்புறம் '1870' என எழுதப்பட்ட வேட்டைப் படம்

கேள்வி: அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தில் எடுக்கப்பட்ட தகரப் படம் (மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாகப் பதியும் பழங்காலப் புகைப்படம்) ஒன்று என்னிடம் உள்ளது. வீழ்த்திய எல்க் மானின் அருகே தாடிக்காரர் ஒருவர் வின்செஸ்டர் துப்பாக்கியை மடியில் கிடத்தியிருக்கிறார். பின்புறம் பென்சிலால் '1870' என்றுள்ளது. துப்பாக்கியின் உடற்பகுதி கறுப்பாகத் தெரிவதால், இது பித்தளை நிற உடல் கொண்ட 1866 வகையாக (வகையின் எண் அது அறிமுகமான ஆண்டு) இருக்க முடியாது என்று கருதலாமா?

மறுமொழி 1: நிறத்தை நம்ப வேண்டாம். அக்காலத்து ஈரத்தகட்டு ரசாயனம் (பூச்சு ஈரமாக இருக்கும்போதே படம் பிடிக்கும் முறை) மஞ்சளை உணராது. ஆகவே பித்தளையும் கறுத்தே பதியக்கூடும். அதற்குப் பதிலாக உடற்பகுதியின் மேற்புறத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நகரும் தூசி மூடி இருந்தால் அது 1873 அல்லது 1876 வகை; அப்படியானால் பென்சில் குறிப்பு பிற்காலத்தில் யாரோ ஊகித்து எழுதியது.

கேள்வி கேட்டவர்: மூடி தெளிவாகவே தெரிகிறது. ஆனால் தோட்டா செருகும் வாய் இடப்பக்கம் இருக்கிறதே?

மறுமொழி 2: தகரப் படம் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறியே பதியும், அந்த வாய் உண்மையில் வலப்பக்கம்தான். அமெரிக்க மேற்கின் சட்டவிரோதி பில்லி த கிட் இடக்கையர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதும் இதே குழப்பத்தால்தான். அவர் படத்தில் இருப்பதும் 1873 வகையே.

மறுமொழி 3: ஒன்றைச் சேர்க்கிறேன்: துப்பாக்கி 'இதற்கு முன் அல்ல' என்பதை மட்டுமே சொல்லும். 1873 வகை இருபதாம் நூற்றாண்டிலும் தயாரிக்கப்பட்டது. தாத்தாவின் துப்பாக்கியைப் பேரனும் தூக்கியிருக்கலாம். 'இதற்குப் பின் அல்ல' என்ற மேல் எல்லைக்கு உடையையும் தகரப் படத்தின் உறையையும் பாருங்கள்.